மூன்று மாவட்டங்களின் முத்திரை விழுந்த பதிவேடு

தேன்கனிக்கோட்டைக்கு மேலே, பெட்டமுகிலாளம் பக்கத்து மலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். பொறுப்பேற்ற முதல் வாரமே பீரோவைத் திறந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தேன். அட்டையைக் கரையான் அரித்திருந்தது. முதல் பக்கங்களில் சேலம் மாவட்ட முத்திரை. 1965 அக்டோபரில் தருமபுரி தனி மாவட்டமானதும் அந்தப் பெயர். 2004 பிப்ரவரிக்குப் பிறகு கிருஷ்ணகிரி. பள்ளி இருந்த இடத்தில்தான் இருந்தது. பிள்ளைகள் நடக்கிற தூரமும் அப்படியேதான் இருந்தது.

பிறந்த தேதிக் கட்டத்தைப் பார்த்தபோது மனசுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாதிப் பிள்ளைகள் ஜூன் மாதத்தில் பிறந்திருந்தார்கள்! வீட்டிலேயே பிரசவம், பதிவு கிடையாது. "ராகி அறுத்து முடிஞ்சப்ப பொறந்தான் சார்" என்பார் அம்மா. வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. சேர்க்கிற நாளிலிருந்து ஐந்து வருடத்தைக் கழித்து எழுதிவிடுவார்கள். அந்த ஜூன் தேதிதான் பிறகு மாற்றுச் சான்றிதழுக்கும் ஆதாருக்கும் போய்ச் சேர்ந்தது. வயது கூடிப்போய் வேலை வாய்ப்பை இழந்தவர்களும் உண்டு. பிள்ளை பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நான் சொன்னதற்கு இந்தப் பதிவேடுதான் காரணம்.

ஆனால் நான் அதிக நேரம் பார்த்தது கடைசிக் கட்டத்தை. பெயர் ஏன் நீக்கப்பட்டது என்று எழுதும் கட்டம் அது. "நீண்ட நாள் வரவில்லை" என்ற வரி பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அந்த வரிக்குப் பின்னால் பெங்களூரு கட்டட வேலை இருக்கிறது. குடும்பம் மொத்தமும் கிளம்பும், பிள்ளையும் கூடவே போகும். ஐந்தாம் வகுப்பு முடித்தவர்களில் பெண் பிள்ளைகள் பலர் அதோடு நின்றார்கள். நடுநிலைப் பள்ளிக்குக் காட்டு வழியில் இறங்க வேண்டும். ராகி முற்றும் மாதங்களில் அந்த வழியில் யானை நடமாட்டம். பெண்ணைத் தனியே அனுப்பத் தகப்பன் பயந்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டு விதிப்படி ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளி இருக்க வேண்டும். பள்ளி தொடங்க முடியாத சிற்றூர் என்றால் வாகன வசதி கேட்கலாம். எங்கள் மலையில் இதைக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அங்கே தீர்மானம் போட்டு மனுவோடு இணையுங்கள். வெறும் மனுவை விட அதற்குக் கனம் அதிகம்.

அப்புறம் மாற்றுச் சான்றிதழ். கீழே ஒரு பள்ளியில் அது இல்லை என்று எங்கள் பெண் ஒருத்தியைத் திருப்பி அனுப்பினார்கள். நான் நேரில் போய்ப் பேச வேண்டியிருந்தது. அது வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது. இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சியும் தர வேண்டும்.

இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது குடும்பத்தோடு ஊரை விட்டுப் போன சிறுமி ஒருத்தி இரண்டு வருடம் கழித்து அம்மாவோடு வந்து நின்றாள். பேச்சில் பாதி கன்னடம். "ரெண்டாவதுலயே போடுங்க சார், எல்லாம் மறந்துட்டா" என்றார் அம்மா. இல்லம்மா, அவள் வயசுப் பிள்ளைகளோடு நான்காவதில் உட்காரட்டும், நாங்கள் சொல்லித் தருகிறோம் என்றேன். பதிவேட்டில் அவள் பழைய எண்ணுக்கு நேரே சிவப்புக் கோடு இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, புது எண் போட்டு, அதே பெயரை எழுதினேன்.