வளவில் வைத்த மைக்

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு வளவின், அதாவது வீட்டு நடுவே வானம் பார்த்த முற்றத்தின், சத்தம் தெரியும். முகப்பில் நின்று யாராவது “ஆச்சி” என்று கூப்பிட்டால் போதும். அந்தக் குரல் தூண்களுக்கு நடுவே புகுந்து, வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டைத் தொட்டு, அடுப்படி வரை போய்விடும். கேட்க அவ்வளவு இதமாக இருக்கும். என் முதல் ஆவணப்படத்தைக் கெடுத்தது அந்த இதம்தான்.

காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படித்தபோது, கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக்குப் போய்ப் படமெடுத்தோம். எண்பதைத் தாண்டிய ஆச்சி ஒருவர், தன் அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பா) பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பிய கதையை நாற்பது நிமிடம் சொன்னார். வளவை ஒட்டிய கூடத்தில், வளவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பத்தடி தள்ளிக் கேமரா. கேமராவில் இருந்த மைக்கையே நம்பினோம். அங்கே இருந்து கேட்டபோது ஒரு சொல்கூடத் தப்பவில்லை. கல்லூரிக்கு வந்து போட்டுப் பார்த்தால், ஆச்சி கிணற்றுக்குள்ளிருந்து பேசினார். முகம் கரிக்கட்டையாக இருந்தது, பின்னால் வளவு வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது.

நாங்கள் நேரில் பார்த்தது பொய்யில்லை, கேமரா பதிந்ததும் பொய்யில்லை. கண்ணிலும் காதிலும் வந்து விழுவதை மூளை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது. கருவிக்கு அந்தத் திருத்தம் கிடையாது. எந்த இடத்தில் மூளை திருத்துகிறது என்று தெரிந்துகொண்டால் ஆவணப்படக் கலையில் பாதி கைக்கு வந்த மாதிரி. மாணவர்கள் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

வெளிச்சத்தில் தொடங்குகிறேன். உச்சி வெயில் நேராக விழும் இடத்தில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). விளக்குப் போடாத கூடத்தின் உள்பக்கம் 100 லக்ஸ் இருந்தால் அதிகம். இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். வெயிலில் நிற்கும் சுண்ணாம்புச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். நிழலில் இருப்பவரின் கறுத்த முடி இருபதில் ஒரு பங்கைத்தான் அனுப்பும். இதையும் பெருக்கினால் ஒரே ஃபிரேமுக்குள் பதினாறாயிரம் மடங்கு வித்தியாசம் வந்துவிடும். ஒளி இரட்டிப்பாவதைக் கேமராக்காரர்கள் ஒரு ஸ்டாப் என்பார்கள். பதினாறாயிரம் மடங்கு என்பது ஏறக்குறைய 14 ஸ்டாப். நல்ல விலையுள்ள கேமராவே அந்த எல்லையில் திணறும், மாணவர் கையில் இருக்கும் கைபேசி அதற்கு முன்பே கைவிட்டுவிடும்.

கேமராவின் சென்சாருக்குள் என்ன நடக்கிறது என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். மழைக்காலத்தில் வளவின் தாழ்வார ஓரத்தில் அண்டாவை வரிசையாக வைத்துத் தண்ணீர் பிடிப்பார்கள் அல்லவா? சென்சாரில் லட்சக்கணக்கான குட்டி அண்டாக்கள் இருக்கின்றன. ஒளித்துகள் விழ விழ, அவற்றில் எலக்ட்ரான் சேரும். ஷட்டர் மூடியதும் எந்த அண்டாவில் எவ்வளவு என்று எண்ணி, அதைப் பிரகாசமாக எழுதிக்கொள்ளும். அண்டா நிரம்பி வழிந்துவிட்டால், வழிந்தது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் படத்தில் வளவு வெள்ளைத் தாளானது அப்படித்தான், எடிட்டிங்கில் என்ன செய்தாலும் அந்தத் தூண்கள் திரும்பி வராது. மறுமுனையில், அடியில் நாலு சொட்டு மட்டும் விழுந்த அண்டாவில், ஏற்கெனவே இருந்த ஈரம் எது, புதிதாக விழுந்த மழை எது என்று பிரிக்க முடியாது. இருட்டுப் பகுதியில் மினுமினுவென்று புள்ளிகள் ஓடுகின்றனவே, அவை அந்தக் குழப்பம்தான்.

நம் கண் மட்டும் எப்படிச் சமாளிக்கிறது? அது ஒரே பார்வையில் எல்லாவற்றையும் எடுப்பதில்லை. ஆச்சியின் முகத்தைப் பார்க்கும்போது அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது, வளவுக்குத் தாவும்போது மறுபடி சரிசெய்கிறது. மூளை இரண்டையும் தைத்து ஒரே காட்சியாகக் காட்டுகிறது.

தீர்வுக்கு விளக்கு வாங்க வேண்டியதில்லை. ஆச்சியின் நாற்காலியைத் தாழ்வார ஓரத்துக்குக் கொண்டுவந்து, வளவைப் பார்க்கத் திருப்பிப் போட்டால் போதும். எதிர்ச்சுவரிலும் தரையிலும் பட்டுச் சிதறிய வெயில், திரைபோட்டு வடித்த மாதிரி முகத்தில் விழும். பின்னணியில் இருட்டுக் கூடம். முகத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வித்தியாசம் நாலைந்து ஸ்டாப்புக்குள் அடங்கிவிடும்.

இங்கே ஒரு கேள்வி எழும். தினமும் கூடத்தில் உட்காருகிறவரை எடுத்துத் தாழ்வாரத்தில் போடுவது சோடனை ஆகாதா? ஆவணப்படம் பிறந்தபோதே இந்தக் கேள்வியும் பிறந்துவிட்டது. ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி பனிப்பிரதேச மக்களைப் பற்றி எடுத்து 1922இல் வெளியான ‘நானூக்’ படத்தில், பனிக்கட்டி வீட்டுக்குள் குடும்பம் தூங்கி எழும் காட்சி வரும். உண்மையான பனி வீட்டுக்குள் கேமராவுக்கு இடமும் இல்லை, வெளிச்சமும் போதவில்லை. அதனால் படத்துக்கென்று பெரிதாக ஒன்றைக் கட்டி, ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, வெட்டவெளிக் குளிரில் அவர்களைப் படுக்கவைத்து எடுத்தார்கள். நாற்காலியை நகர்த்துவதை நான் ஏற்பேன். அவர் தானாகச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வதையும், இல்லாத சிரமத்தைக் கொடுப்பதையும் ஏற்க மாட்டேன்.

டியூப்லைட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, ஒரு சுற்றில் ஒளி இரண்டு முறை ஏறி இறங்கும். ஆக, பழைய டியூப்லைட்டும் மலிவான எல்ஈடி பல்பும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது, படத்தில் பட்டை பட்டையாக ஓடும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் முழுத் துடிப்புகள் அடங்கிவிடும், பட்டை மறையும். பல கைபேசிகள் 1/60இல் நின்றுகொண்டிருக்கும், பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி சத்தம். என் மனம் எப்போதும் இதன் பக்கம்தான் சாயும். படம் கொஞ்சம் மங்கினால் பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், சொல் புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடித் தரைக்கல், பளிங்கு, பர்மாத் தேக்கு என்று செட்டிநாட்டு வீட்டில் எதைத் தொட்டாலும் வழவழப்பும் கெட்டியும்தான். ஒலி அலை இந்தச் சுவரில் மோதினால் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் சுவர் விழுங்கும், மீதி திரும்பி வரும். அது எதிர்ச்சுவரில் மோதி மறுபடி வரும். நொடிக்கு 345 மீட்டர் வேகத்தில் ஓடும் ஒலி, 12 மீட்டர் கூடத்தை ஒரு நொடியில் இருபத்தெட்டு முறை கடந்துவிடும். “அப்பச்சி” என்ற சொல்லின் முதல் எழுத்து அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன்மேல் ஏறும்.

இதை முதலில் கணக்காக்கியவர் ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த வாலஸ் சாபின். 1895இல், பேசுவது யாருக்கும் புரியாத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யும் வேலை அவரிடம் வந்தது. ஊர் அடங்கிய இரவுகளில், பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து, ஒவ்வொன்றாகப் போட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அதிலிருந்து கிடைத்த சூத்திரம் எளிமையானது. அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறை விழுங்கும் மொத்தப் பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் இறங்க, அதாவது ஏறக்குறைய அடங்கிப்போக, எத்தனை நொடி ஆகும் என்று தெரிந்துவிடும். விழுங்கும் பரப்பை அவர் எதைக்கொண்டு அளந்தார் தெரியுமா? திறந்த சன்னலைக்கொண்டு. வெளியே போன ஒலி திரும்பாது, ஆகவே ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல் என்றால் முழுதாக ஒரு சதுர மீட்டர் விழுங்கியதாகக் கணக்கு.

நம் கூடத்துக்குப் போட்டுப் பார்ப்போம். 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் 480 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து விழுங்குவது 10 சதுர மீட்டருக்குச் சமம். திறந்த கதவு, சன்னல் 12. மொத்தம் 22. கணக்குப் போட்டால் மூன்றரை நொடி வரும். பேச்சு தெளிவாகப் பதிய ஒரு நொடிக்குள் இருப்பது நல்லது. அதே கூடத்தில் நாலைந்து இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரில் சாய்த்து, ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டு, திண்டுகளைப் பரப்பினால் இன்னொரு 10 சதுர மீட்டர் சேரும். நேரம் 2.4 நொடிக்கு இறங்கும். இத்தனைக்கும் இவை எல்லாம் அந்த வீட்டுப் பரணிலேயே இருப்பவை.

இப்போது வளவுக்கு வாருங்கள். தலைக்கு மேலே கூரை இல்லை, திறந்த வானம். சாபின் கணக்கில் அது வீட்டிலேயே பெரிய சன்னல். அங்கே மேலே எழும் ஒலி எழுந்ததுதான், திரும்பி இறங்காது. முகத்துக்கு நல்ல வெளிச்சம் கிடைத்த அதே தாழ்வார ஓரத்தில் காதுக்கும் நல்ல இடம் கிடைப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

மைக்கின் தூரம் மெத்தையைவிட முக்கியம். பேசுகிறவர் வாயிலிருந்து நேராக வரும் ஒலி, தூரம் பாதியானால் நான்கு மடங்காகும். எதிரொலி அப்படியில்லை, கூடம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிரம்பியிருக்கும். இரண்டும் சமமாகும் எல்லை, நாம் கணக்குப் போட்ட கூடத்தில், வாயிலிருந்து முக்கால் மீட்டர்கூட இல்லை. அதைத் தாண்டி மைக் வைத்தால் கூடத்தைத்தான் பதிகிறோம், ஆச்சியை அல்ல. 3 மீட்டர் தள்ளி இருந்த மைக்கைச் சேலையில் ஒரு சாண் தூரத்தில் குத்தினால் நேரொலி இருநூறு மடங்குக்கு மேல் கூடும். கண்டாங்கிச் சேலை பருத்தி என்பதால் பட்டைப்போலச் சரசரக்காது. கழுத்துச் சங்கிலி மட்டும் மைக்கில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேரில் நமக்கு ஏன் புரிந்தது? காது இரண்டு இருப்பதால் நேரொலி வரும் திசையை மூளை பிடித்துக்கொள்கிறது. முதலில் வந்த ஒலியை வைத்துக்கொண்டு, சில பத்து மில்லி நொடிக்குள் பின்தொடரும் எதிரொலிகளைத் தள்ளிவிடுகிறது. போதாததற்கு ஆச்சியின் உதட்டையும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒற்றை மைக்கில் இவை எல்லாம் ஒரே கோட்டில் நசுங்கிவிடும். அதனால்தான் படப்பிடிப்பில் ஒருவர் ஹெட்ஃபோனைக் காதிலிருந்து கழற்றவே கூடாது என்கிறேன். கேமரா இரண்டாவது இல்லாவிட்டால் பரவாயில்லை, அந்த ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் மூளையின் திருத்தம் நமக்குத் துணைக்கு வருகிறது. கண் ஒரு நொடிக்கு மூன்று முறை போலத் தாவுகிறது. தாவும்போது எழும் கலங்கலை மூளை நமக்குக் காட்டுவதே இல்லை. எடிட்டிங்கில் ஷாட்டுக்கு ஷாட் தாவுவதை நாம் உறுத்தலின்றி ஏற்றுக்கொள்ள இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறைக்குப் போனால் இதை நன்றாகப் பழகலாம். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, கட்டம் கட்டமாகச் சாயம் கலந்த சிமென்ட்டைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கும் அந்தக் கணம்தான் அழகு. சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஒன்றோடொன்று தொட்டபடி கலக்காமல் நிற்கும். உடனே உலர்ந்த மணல், சிமென்ட் கலவையைத் தூவுவார்கள், அது ஈரத்தை இழுத்து நிறத்தை நிறுத்திவிடும். அதன்மேல் ஈரக் கலவை. காய்ந்து கண்ணாடியைப் பிரித்தால் அடியில் இருந்த பக்கம்தான் மேல்முகம், பளபளப்பு கண்ணாடி கொடுத்தது.

அச்சைக் கை பற்றுவதை அகல ஷாட்டிலும், தூக்குவதைக் குளோசப்பிலும் எடுத்து, கை அசையும் நொடியில் வெட்டினால் ஒட்டுத் தெரியாது. கேமரா ஒன்றே இருந்தாலும் கவலையில்லை. அவர்கள் நாள் முழுக்க அதே வேலையைச் செய்கிறார்கள். முதல் கல்லில் அகல ஷாட், ஐந்தாவது கல்லில் கை, பத்தாவதில் முகம். யாரையும் மறுபடி செய்யச் சொல்லி வேலையைக் கெடுக்க வேண்டியதில்லை.

எடுத்ததை எல்லாம் வைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்வதும் ஒரு படிப்பு. காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார், காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக உலகம் சுற்றி, பலர் எடுத்துவைத்திருந்த படச்சுருளைத் தேடிச் சுமார் 50,000 அடி திரட்டினார். 1940இல் வெளியானபோது அதில் இருந்தது 12,000 அடி. 35 மி.மீ. படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஒன்பது மணி நேரத்துக்கு மேலான காட்சி இரண்டே கால் மணி நேரத்துக்கு இறங்கியிருக்கிறது. கணக்குப் போடும்போதெல்லாம் அந்த மனிதர்மேல் மதிப்புக் கூடுகிறது.

நாங்கள் அந்த ஆச்சியிடம் மறுபடி போனோம். தாழ்வார ஓரத்தில் நாற்காலி, சேலையில் மைக், என் காதில் ஹெட்ஃபோன். கதையை முதலிலிருந்து பொறுமையாகச் சொன்னார். முடித்ததும், “ஆச்சி, இன்னும் ஒரு நிமிஷம் யாரும் பேசாம இருக்கணும்” என்றேன். பேச்சு இல்லாத இடத்தின் ஒலியையும் தனியாகப் பதிய வேண்டும். மின்விசிறி இரைவதை மூளை ஐந்தாவது நிமிடத்தில் மறந்துவிடும், ஆனால் எடிட்டிங்கில் வெட்டிய இடத்தில் அது சட்டென நின்றால் உடனே கண்டுபிடித்துவிடும். அந்த ஓட்டையை அடைக்க அதே இடத்தின் அமைதிதான் வேண்டும், வேறு வீட்டு அமைதி ஒட்டாது.

“பேசச் சொல்லித்தானே வந்தீக?” என்று கேட்டார். விளக்கினேன். சரி என்று தலையசைத்து, கையை மடியில் வைத்துக்கொண்டார். ஹெட்ஃபோனில் முதலில் விசிறி, பிறகு மேலே புறாக்கள், பிறகு இரண்டாம் கட்டில் யாரோ குடத்தை இறக்கும் சத்தம். அறுபது நொடி முடிந்தும் நான் பதிவை நிறுத்தவில்லை. ஆச்சி கண்ணை மூடி அவர் வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.