கட்டிலுக்கடியில் ஒரு டாஷ்: மிரண்ட நாயின் மூளைக்குள் என்ன நடக்கிறது?

எங்கள் நாய் மைனா வீட்டுக்கு வந்த முதல் நான்கு நாட்களில் நான் பார்த்ததெல்லாம் அவளுடைய மூக்கு நுனியைத்தான். படுக்கையறைக் கட்டிலுக்கடியில், சுவரோரம், பழைய சூட்கேஸுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டாள். டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணின் வெள்ளை மட்டும் பளிச்சென்று தெரியும். உடனே தலையைத் திருப்பிக்கொள்வாள்.

வேளச்சேரிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் யாரோ கட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தன்னார்வலர்கள் எடுத்துவந்து ஒரு மாதம் வைத்திருந்தார்கள். பல்லைப் பார்த்த மருத்துவர் பத்து மாதம் இருக்கலாம் என்றார். கருப்பு உடம்பு, புருவத்திலும் மார்பிலும் செம்மண் நிறம். சென்னையில் இந்த இனத்தை டாஷ் என்று சுருக்கித்தான் கூப்பிடுவார்கள். டாக்ஸ்ஹுண்ட் என்ற முழுப்பெயர் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது.

மாடி வீட்டு அக்கா ஒரு யோசனை சொன்னார்: “ரெண்டு நாள் சோறு வைக்காதீங்க. பசிச்சா தானா வெளியே வரும்.” எதிர்வீட்டு மாமா வேறு மாதிரி சொன்னார்: “இழுத்து மடியில வச்சுக்கோங்க, பழகிடும்.” இரண்டு பேரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் இரண்டுமே மிரண்ட நாயை இன்னும் மிரளவைக்கும். ஏன் என்று புரிந்துகொள்ள, பயம் உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

திடீரென்று ஒரு சத்தம் கேட்டால், அல்லது ஒரு நிழல் மேலே கவிந்தால், மூளையின் ஆழத்தில் வாதுமைப் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா முதலில் விழித்துக்கொள்கிறது. அடுத்த நொடிகளிலேயே அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, கண்மணி விரிகிறது, இரத்தம் தசைகளுக்குப் பாய்கிறது, செரிமானம் மந்தமாகிறது. ஓடுவதற்கோ கடிப்பதற்கோ உடம்பு தயாராகிவிட்டது. சாப்பாடு அப்போது அதன் கணக்கிலேயே இல்லை. பட்டினி போட்டால் வெளியே வரும் என்ற யோசனை இங்கேயே அடிபட்டுப் போகிறது. பயம் பசியைவிடப் பெரியது.

இது வேகமான பாதை. மெதுவான பாதை இன்னொன்று இருக்கிறது. மூளையிலுள்ள ஹைபோதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்ப, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, அங்கிருந்து கார்டிசால் சுரக்கிறது. இது உச்சிக்குப் போகவே இருபது முப்பது நிமிடம் ஆகும்; இறங்க ஒரு மணிநேரமோ அதற்கு மேலோ ஆகும். இறங்கி முடிப்பதற்குள் அடுத்த அதிர்ச்சி வந்தால்? எங்கள் வீட்டில் காலை ஏழு மணிக்குக் குக்கர் விசில், ஏழே காலுக்குப் பால்காரர் அழுத்தும் மணி, எட்டு மணிக்கு ஸ்கூல் வேன் ஹாரன். மைனாவின் உடம்பு ஒன்றிலிருந்து மீள்வதற்குள் அடுத்தது வந்துவிடும். பகல் முழுக்கத் தட்டைத் தொடாதவள், ஊர் அடங்கிய பிறகு இரவு இரண்டு மணிக்குத் தயிர்சாதத்தை நக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். அவள் உடம்பு அப்போதுதான் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்து 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாட்களில் நாய்களின் இரத்தத்திலிருந்த கார்டிசால், வீட்டில் வளரும் நாய்களுக்கு இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. 2019-இல் இன்னோர் அமெரிக்க ஆய்வு, ஐந்து காப்பகங்களிலிருந்து 207 நாய்களை ஓரிரு இரவு மட்டும் வீடுகளில் தங்கவைத்தது. அந்த இரவுகளில் கார்டிசால் குறைந்தது, நாய்கள் நீண்ட நேரம் ஓய்வெடுத்தன. காப்பகத்துக்குத் திரும்பியதும் அளவு பழையபடி ஆகிவிட்டது. யாரும் தொந்தரவு செய்யாத ஓர் இரவுத் தூக்கமே மருந்து மாதிரி வேலை செய்கிறது என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது. முதல் வாரத்தில் நாங்கள் செய்த ஒரே நல்ல காரியம், அவளை அவள் பாட்டுக்கு விட்டதுதான்.

சரி, எல்லா நாயும் புது வீட்டில் இப்படி நடுங்குவதில்லையே? சில நாய்கள் வந்த அன்றே சோபாவில் ஏறிப் படுத்துக்கொள்கின்றன. இந்த வித்தியாசம் பெரும்பாலும் பிறந்த முதல் சில வாரங்களில் உருவாகிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஒரு பரிசோதனை செய்து 1961-இல் முடிவை வெளியிட்டார்கள். உயரமான வேலி போட்ட வெட்டவெளியில், மனிதத் தொடர்பே இல்லாமல் குட்டிகளை வளர்த்தார்கள். வெவ்வேறு வயதில் சில குட்டிகளை ஒரு வாரம் மட்டும் உள்ளே எடுத்துவந்து மனிதர்களோடு பழகவிட்டார்கள். ஐந்து, ஏழு வார வயதில் அந்த ஒரு வாரம் கிடைத்த குட்டிகள் மனிதரோடு நன்றாக ஒட்டிக்கொண்டன. பதினான்கு வாரம் வரை மனிதரையே பார்க்காத குட்டிகள் காட்டு விலங்குபோல மிரண்டன.

மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியின் மூளை ஒரு பட்டியல் போடுகிறது: எதெல்லாம் உலகத்தில் சாதாரணம் என்று. குடை, சைக்கிள், குழந்தையின் அழுகை, தாடி வைத்த ஆள், மிக்ஸி சத்தம். அப்போது பட்டியலில் ஏறாதவை எல்லாம் பின்னால் சந்தேகத்துக்குரியவை. மைனா அந்த வாரங்களை எங்கே கழித்தாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மாடிப்படி என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியவில்லை. மின்விசிறியைப் பார்த்துப் பதுங்கினாள். பரம்பரைக்கும் பங்குண்டு. பயந்த பெற்றோருக்குப் பயந்த குட்டிகள் பிறக்கும் வாய்ப்பு அதிகம். மிரண்ட நாயைப் பார்த்ததும் “யாரோ அடிச்சிருக்காங்க” என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அடியே படாமல், எதையும் பார்க்காமல் வளர்ந்த நாயும் இப்படித்தான் நடுங்கும்.

டாஷ் என்ற இனத்துக்கென்று சில சங்கதிகள் உண்டு. டாக்ஸ் என்ற ஜெர்மன் சொல்லுக்குப் பேட்ஜர் என்று பொருள். மண்ணில் ஆழமாக வளை தோண்டி வாழும், முரட்டு நகமும் பல்லும் கொண்ட பிராணி அது. அதன் வளைக்குள் இருட்டில் தனியாக நுழைந்து எதிர்த்து நிற்பதற்காக வளர்க்கப்பட்ட நாய் இது. எனவே பயம் வந்தால் பொந்து தேடுவது இதன் இரத்தத்திலேயே இருக்கலாம். கட்டிலடியை அடைத்துவிட்டால் வெளியே வந்துதானே ஆக வேண்டும் என்று ஒரு நாள் நானும் நினைத்தேன். நல்லவேளை, செய்யவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் வாசல் வெட்டி, அம்மாவின் பழைய நூல் புடவை ஒன்றைப் போட்டு ஹாலின் மூலையில் வைத்தோம். ஆறாம் நாள் கட்டிலடியிலிருந்து அவளாகவே அதற்குக் குடிமாறினாள். புடவைக்குள் சுருண்டு, மூக்கு மட்டும் வெளியே. ஆனால் இப்போது ஹாலில் இருந்தாள். நாங்கள் சாப்பிடுவதையும் பேசுவதையும் பாதுகாப்பான தூரத்திலிருந்து பார்த்தாள்.

குட்டைக் கால்களுக்குக் காரணம் ஒரு மரபணு. எஃப்.ஜி.எஃப்.4 என்ற மரபணுவின் கூடுதல் பிரதி ஒன்று டாஷ், கோர்கி, பாசெட் போன்ற இனங்களில் தவறான இடத்தில் செருகிக்கொண்டிருப்பதை 2009-இல் கண்டுபிடித்தார்கள். எலும்பு நீளமாக வளர்வதை அது சீக்கிரமே நிறுத்திவிடுகிறது. 2017-இல் பன்னிரண்டாவது குரோமோசோமில் இன்னொரு பிரதி இருப்பது தெரியவந்தது. முதுகெலும்புக்கு நடுவேயுள்ள வட்டுகள் இளவயதிலேயே காய்ந்து கெட்டியாவதோடு தொடர்புடையது அது. டாஷ் நாய்களில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை வாழ்நாளில் எப்போதாவது இந்த வட்டுத் தொல்லையால் அவதிப்படுகின்றன. பயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. தொட்டால் சுருங்குகிற, தூக்கினால் உறுமுகிற டாஷுக்கு முதுகு வலி இருக்கலாம். வலியைப் பார்க்காமல் பயத்துக்கு மட்டும் வைத்தியம் செய்வது வீண். மைனாவை முதலில் மருத்துவரிடம் காட்டி, முதுகில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம் தொடங்கினோம். தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியிலும் இன்னொரு கை பின்பக்கத்துக்கடியிலும் இருக்க வேண்டும். அக்குளைப் பிடித்துத் தொங்கவிட்டால் முழு பாரமும் முதுகெலும்பில் இறங்கும்.

அப்புறம் உயரம். தோள் வரை இருபது சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். நம் முழங்கால்கூட அவள் தலைக்கு மேலேதான். அந்த உயரத்திலிருந்து பார்த்தால், குனிந்து கை நீட்டுகிற மனிதர் கவிழ்ந்து விழப்போகும் சுவர். நான் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல் புத்தகம் படித்தபோதுதான் முதல் முறை அருகில் வந்து என் கால் கட்டைவிரலை முகர்ந்தாள். மூச்சு மட்டும் தோலில் பட்டது. நான் அசையவில்லை.

இப்போது “இழுத்து மடியில வச்சுக்கோங்க” என்ற யோசனைக்கு வருகிறேன். 1967-இல் அமெரிக்க உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். படிக்கவே மனசு கஷ்டப்படும் பரிசோதனை. ஒரு கூட்டம் நாய்களுக்கு மின்னதிர்ச்சி. தலையால் ஒரு பலகையைத் தள்ளினால் அது நிற்கும். இன்னொரு கூட்டத்துக்கும் அதே அளவு அதிர்ச்சி, அதே நேரம். ஆனால் என்ன செய்தாலும் தானாக நிறுத்த முடியாது. பிறகு, ஒரு தாழ்ந்த தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற பெட்டியில் விட்டபோது, முதல் கூட்டம் தாண்டித் தப்பித்தது. இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலானவை தப்பிக்க முயலவே இல்லை. ‘நம்மால் ஒன்றும் ஆகாது’ என்று அவை கற்றுக்கொண்டன என்றுதான் உலகம் பல காலம் நம்பியது.

2016-இல் அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாகத் திருத்தி எழுதினார்கள். எலிகளின் மூளையில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வு காட்டியது இதுதான்: தாங்க முடியாத தொல்லை நீண்டால் உறைந்துபோவது மூளையின் இயல்பான எதிர்வினை, அதை யாரும் கற்க வேண்டியதில்லை. கற்றுக்கொள்ளப்படுவது, ‘இது என் கையில் இருக்கிறது’ என்பதுதான். நான் செய்தது பலித்தது என்று நெற்றிப் பக்கத்து மூளைப் பகுதி உணரும்போது, அது உள்ளே இருக்கும் பயத்தின் சுற்றை அடக்குகிறது.

மடியில் வலுக்கட்டாயமாகப் பிடித்து வைத்த நாய் பத்து நிமிடத்தில் அசையாமல் இருக்கும். பழகிவிட்டது என்று நாம் நினைப்போம். பெரும்பாலும் அது உறைந்துபோயிருக்கிறது. அதனால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு விதி வைத்தோம்: மைனா ‘வேண்டாம்’ என்று சொன்னால் அது பலிக்க வேண்டும். உதட்டை நக்கினால், தூக்கம் வராமலே கொட்டாவி விட்டால், முகத்தைத் திருப்பினால், அதுதான் அவளுடைய ‘வேண்டாம்’. உடனே கையை எடுத்துவிடுவோம். அருகே வந்தால் மூன்று நொடி நெஞ்சைத் தடவுவது, பிறகு நிறுத்துவது. வேண்டுமென்றால் அவளே கேட்கட்டும். ஐந்தாவது வாரம், நான் நிறுத்தியதும் மூக்கை என் உள்ளங்கைக்கு அடியில் நுழைத்து ஒரு முட்டு முட்டினாள். அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

குக்கர் விசில் மட்டும் தீரவில்லை. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க்கு 45,000 வரை எட்டும். விசிலின் சீறல் அவளுக்கு எப்படிக் கேட்கிறதோ! இதற்கு 1924-இல் ஒரு குழந்தையிடம் பலித்த வழி இருக்கிறது. மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரிடம் வந்த பீட்டர் என்ற சிறுவனுக்கு முயல் என்றால் நடுக்கம். அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டிலிருக்கும் முயலைத் தூரத்தில் வைத்து, நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கினார். கடைசியில் அவனே முயலைத் தடவினான்.

நாங்கள் விசிலை போனில் பதிவு செய்து, காதில் விழுந்தும் விழாத அளவில் ஒலிக்கவிட்டு, முடிந்த மறுநொடி ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுத்தோம். வரிசை இதில் ரொம்ப முக்கியம். முதலில் விசில், அப்புறம் கோழி. மாற்றிச் செய்தால் கோழியே கெட்ட சகுனமாகிவிடும்: கறி வாசனை வந்தால் சத்தம் வரப்போகிறது என்று மூளை கணக்குப் போட்டுவிடும். அளவும் முக்கியம். கோழியை மென்மையாக வாங்கினால் சரியான அளவு. வெடுக்கென்று பிடுங்கினாலோ வேண்டாமென்றாலோ சத்தம் அதிகம், குறைக்க வேண்டும். இந்தப் பயிற்சி தொடங்கிய மூன்றாவது வாரம் விசில் கேட்டதும் பெட்டிக்குள் ஓடாமல் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் இத்தனை பாடும்.

இதனால் பழைய பயம் அழிந்துவிட்டதா? இல்லை. அமிக்டலாவில் எழுதியது அப்படியே இருக்கிறது. அதன் மேல் புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது, அவ்வளவுதான். நாய்களை வைத்துப் பழக்கத்தை ஆராய்ந்த ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவே கவனித்தது இது: மறைந்துபோன எதிர்வினை, சிறிது இடைவெளிக்குப் பிறகு தானாகத் திரும்பி வரும். புதிய பாடம் இடத்தோடும் ஒட்டிக்கொள்கிறது. தாம்பரத்தில் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனபோது, அங்கே குக்கர் கத்தியதும் மைனா அலமாரிக்குப் பின்னால் போய்விட்டாள். எங்கள் சமையலறை விசிலுக்குத்தான் அவள் பழகியிருந்தாள். அங்கேயும் முதலிலிருந்து தொடங்கினோம். ஆனால் இரண்டே நாளில் முடிந்தது.

பயந்த நாயைத் தேற்றினால் பயம் அதிகமாகும் என்று இன்னும் சொல்கிறார்கள். பயம் என்பது உணர்ச்சி. பரிசு வாங்குவதற்காக நாய் செய்யும் வித்தை அல்ல. இடி இடிக்கும்போது அவளாக வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம். தீபாவளி மாதிரி நாட்களுக்கு மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி மருந்து வாங்கி வைப்பதில் எந்தத் தவறும் இல்லை.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. மூன்றாவது விசிலுக்கு மைனா ஃபிரிட்ஜ் வாசலில் வந்து நிற்கிறாள். ஹெல்மெட் போட்ட ஆட்கள் மட்டும் இன்னும் பாக்கி. சாமான் கொண்டுவரும் பையன் படியேறினால் பெட்டிக்குள் போய்விடுகிறாள். ஹாலின் அந்தக் கோடியில் என் ஹெல்மெட்டைத் தரையில் கவிழ்த்து வைத்து, அதைச் சுற்றி நாலு துண்டு கோழி போட்டிருக்கிறேன். நேற்று இரண்டை எடுத்தாள். ஹெல்மெட்டுக்கு மிக அருகில் இருந்த இரண்டு அப்படியே இருக்கின்றன.