தொழிற்சாலை வீட்டுக்கு 5,000 டாலர் வரிச்சலுகை: யாருக்குக் கிடைக்கும்?

அமெரிக்காவில் தொழிற்சாலையிலேயே கட்டி, லாரியில் இழுத்து வந்து மனையில் இறக்கும் வீட்டுக்கு மேனுஃபாக்சர்டு ஹோம் என்று பெயர். இவற்றை எப்படிக் கட்ட வேண்டும் என்று 'ஹட்' எனப்படும் மத்திய வீட்டுவசதித் துறை வகுத்த விதி 1976 ஜூன் 15-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கட்டியவை மொபைல் ஹோம்.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் மாடலுக்கு அரசு 5,000 டாலர் தருகிறது என்று ஒரு பேச்சு உண்டு. உண்மைதான், ஆனால் வாங்குபவருக்கு அல்ல. வருமான வரிச் சட்டத்தின் 45எல் பிரிவுப்படி, அந்தச் சலுகை வீட்டைத் தயாரித்த கம்பெனிக்கு. எனர்ஜி ஸ்டார் என்ற மின்சிக்கனத் தகுதி பெற்ற வீட்டுக்கு 2,500 டாலர். அதைவிடக் கடுமையான ஜீரோ எனர்ஜி ரெடி தகுதிக்கு 5,000. கம்பெனி தான் கட்ட வேண்டிய வரியில் இதைக் கழித்துக்கொள்ளும். உங்கள் வரிக் கணக்கில் நீங்கள் இதைக் கேட்க முடியாது. 2025 ஜூலையில் வந்த சட்டம் இதற்கும் கெடு வைத்துவிட்டது: 2026 ஜூன் 30-க்குள் கைமாறிய வீடுகளோடு சரி.

அப்படியானால் வாங்குபவருக்கு மிஞ்சுவது பேரம்தான். தடித்த இன்சுலேஷன், வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் உதவும் ஹீட் பம்ப் என்று டீலர் கூடுதல் விலை சொன்னால், கம்பெனிக்கு வரும் சலுகை அதில் கழிந்திருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சில மின்வாரியங்களும் மின்கூட்டுறவுகளும் தனியாகத் தள்ளுபடி தருகின்றன. ஊருக்கு ஊர் மாறும் என்பதால் ஆர்டர் கொடுக்கும் முன்பே விசாரிப்பது நல்லது. அந்தப் பணம் டீலர் வழியாக வருவதென்றால் பில்லில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

வெளிச்சுவரில் இருக்கும் சிவப்பு உலோகத் தகட்டைக் காட்டி "அரசு முத்திரை" என்பார்கள். ஹட் விதியைத் தாண்டி அது எதையும் சொல்லாது. எனர்ஜி ஸ்டாருக்குத் தனி லேபிள் உண்டு. அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மின் பேனல் அருகிலோ சமையலறை அலமாரியிலோ படுக்கையறை அலமாரியிலோ ஒட்டியிருக்கும் டேட்டா பிளேட்டில், எந்தக் குளிர் மண்டலத்துக்காக வீடு கட்டப்பட்டது என்பது இருக்கும். இரண்டு பாதியாக வரும் வீடென்றால், தரைக்கு அடியில் இரு பாதியையும் இணைக்கும் காற்றுக்குழாயை மனையில் வைத்துத்தான் மாட்டுவார்கள். அங்கே கசிந்தால் லேபிள் இருந்தும் மின்சார பில் குறையாது.

ஏற்கெனவே பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு, மின்செலவு குறையும்படி வீட்டைச் சரிசெய்து தரும் வெதரைசேஷன் உதவித் திட்டம் இருக்கிறது. பொதுவாக, குடும்ப வருமானம் மத்திய வறுமைக் கோட்டின் 200 சதவீதத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். மொபைல் ஹோமுக்கும் செல்லும், வாடகைதாரரும் கேட்கலாம், வேலை இலவசம். விண்ணப்பத்தை உங்கள் பகுதிக்கான உள்ளூர் முகமையிடம் கொடுக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியல் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.