ஹைட்ரோநெப்ரோசிஸ்: அடைப்பா, விரிவா?

ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேன் அறிக்கையில் "மைல்டு ஹைட்ரோநெப்ரோசிஸ்" என்றோ "பைலெக்டேசிஸ்" என்றோ ஒரு வரி வருகிறது. அறிக்கை வீடு போய்ச் சேர்வதற்குள் அது "பிள்ளைக்குக் கிட்னியில் அடைப்பாம்" என்றாகிவிடுகிறது. சிலர் "கிட்னி வீக்கம்" என்கிறார்கள். அடைப்பு, வீக்கம் என்ற இரண்டு பொருளுமே அந்தச் சொல்லில் இல்லை.

கிரேக்கத்தில் ஹைடோர் என்றால் நீர், நெஃப்ரோஸ் என்றால் சிறுநீரகம். ஓசிஸ் ஒரு நிலையைக் குறிக்கும் ஈறு. சிறுநீரகத்தில் நீர் தேங்கி நிற்கும் நிலை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. வீங்கிச் சிவந்து நோகும் நிலைக்கு ஐட்டிஸ் என்ற வேறொரு ஈறு இருக்கிறது. நெஃப்ரைட்டிஸ் என்பதைத்தான் சிறுநீரக அழற்சி என்கிறோம். ஹைட்ரோநெப்ரோசிஸ் என்ற சொல்லை 1841இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் பியேர் ரேயே என்ற பிரெஞ்சு மருத்துவர். வயிற்றில் பெரிய கட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டாலோ, பிரேதப் பரிசோதனையிலோதான் அந்நாளில் இந்நிலை தெரியவரும். சிறுநீரகம் முழுவதும் பைபோல் ஆகிவிட்ட நிலைக்குப் பிறந்த பெயரை இன்று 5 மில்லிமீட்டர் விரிவுக்கும் எழுதுகிறார்கள். சொல்லைக் கேட்டதும் வரும் அச்சத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

விரிவது எது என்பதிலும் குழப்பம் உண்டு. சிறுநீரகத்துக்குள் ஊறும் நீர் முதலில் சிறு கிண்ணங்களில் விழுந்து, அங்கிருந்து நடுவிலுள்ள ஒரு குழிவில் சேர்ந்து, சிறுநீர்நாளம் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. அந்த நடுக்குழிவை மருத்துவர்கள் பெல்விஸ் என்பார்கள். லத்தீனில் பெல்விஸ் என்பது அகன்ற பாத்திரம். இடுப்பெலும்பு வளையத்துக்கும் அந்த வடிவத்தால்தான் அதே பெயர் வந்தது. இதைத் தெரியாமல் "சிறுநீரக இடுப்பு" என்று பெயர்த்துவிட்டால், இடுப்பில் ஏதோ குறை என்று தாய் நினைத்துக்கொள்வாள். பைலெக்டேசிஸ் என்ற சொல்லின் முதற்பாதியான பைலோஸ் கிரேக்கத்தில் தொட்டியைக் குறிக்கும். எக்டேசிஸ் என்றால் விரிதல். ஆகவே பெல்விஸைச் சிறுநீரகத் தொட்டி என்றும், இந்நிலையைத் தொட்டி விரிவு என்றும் சொல்வதே சரி. நாளமும் சேர்ந்து விரிந்திருந்தால் சிறுநீர்ப்பாதை விரிவு என்று சொல்லலாம். 2014இல் பல மருத்துவச் சங்கங்கள் கூடி வகுத்த யூ.டி.டி. முறையும் ஹைட்ரோநெப்ரோசிஸ் போன்ற பெயர்களைத் தவிர்த்துவிட்டு "சிறுநீர்ப்பாதை விரிவு" என்ற பொருள்படும் பெயரையே எடுத்துக்கொண்டது. கண்ணால் பார்த்ததைப் பெயரில் சொல்ல வேண்டும். காரணத்தைப் பின்னால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அளப்பது தொட்டியின் முன்பின் விட்டத்தை. கருவை முதுகெலும்பு நேர் மேலே அல்லது நேர் கீழே வரும்படி குறுக்குவெட்டில் பிடித்து, சிறுநீரகத் திசுவுக்குள் தொட்டி எங்கே மிக அகலமோ அங்கே அளக்க வேண்டும். 16 முதல் 27 வாரம் வரை 4 மில்லிமீட்டருக்குக் கீழும், 28 வாரத்துக்குமேல் 7க்குக் கீழும், பிறந்தபின் 10க்குக் கீழும் இருந்தால் இயல்பு. எண் மட்டும் போதாது. ஓரக் கிண்ணங்கள் விரிந்திருக்கின்றனவா, திசு மெலிந்திருக்கிறதா, நாளம் தெரிகிறதா, சிறுநீர்ப்பைச் சுவர் தடித்திருக்கிறதா, பனிக்குட நீர் குறைந்திருக்கிறதா என்ற ஐந்துக்கும் அறிக்கையில் பதில் இருக்க வேண்டும். இன்னொன்று: சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும்போது மேலே தொட்டியும் சற்று விரிந்து தெரியும். கரு நீர் கழித்தபின் மறுபடி அளந்தால் இரண்டொரு மில்லிமீட்டர் குறைந்துவிடுவதுண்டு.

அடைப்பே இல்லாமல் தொட்டி ஏன் விரிகிறது? கருவில் காணப்படும் விரிவுகளில் பெரும்பகுதி அப்படித்தான், தானாகவே சரியாகிவிடுகிறது. தொட்டியும் நாளமும் சேரும் இடம் தொடக்கத்தில் குறுகலாகவும் மடிப்புகளோடும் இருக்கும். நீரை அலையலையாகக் கீழே தள்ளவேண்டிய நாளத் தசை இன்னும் பக்குவப்பட்டிருக்காது. கருவின் சிறுநீரகம் நீரைச் சுண்டவைக்கத் தெரியாததால் நீரோட்டமோ மிக அதிகம். ஐந்தாம் மாதத்தில் பனிக்குட நீரின் பெரும்பகுதி கருவின் சிறுநீர்தான். வழி குறுகல், வரத்து அதிகம், அதனால் தொட்டி விரிகிறது. வளர வளர மடிப்பு நிமிர்கிறது, தசை வலுக்கிறது, வரத்தும் குறைகிறது.

இதை "வளர்ச்சிக் குறை" என்று எழுதக் கூடாது. குறை என்பது நிற்கும், முதிராமை கடந்துபோகும். முதிராநிலை என்பதே பொருந்தும். டிஸ்பிளாசியா என்பது இதற்கு நேர் எதிர். டிஸ் என்றால் பிறழ்ந்த, பிளாசிஸ் என்றால் உருவமைத்தல். திசுவே பிறழ்ந்து உருவான நிலை அது, பின்னால் சரியாகாது. அதற்குத் திசு உருப்பிறழ்வு என்ற சொல் தேவை. சிறுநீரக வடிப்பிகள் உருவாவது 36 வாரத்தோடு முடிந்துவிடும். அதற்கு வெகு முன்பே, கருவின் தொடக்க மாதங்களில் கடுமையான அடைப்பு நேர்ந்தால் உருப்பிறழ்வு வருகிறது. பிறகு அடைப்பை நீக்கினாலும் அந்தத் திசு மீளாது.

அடைப்பு என்ற சொல்லை உண்மையான அடைப்புக்கே வைத்துக்கொள்ள வேண்டும். சித்த மருத்துவத்தில் நீரடைப்பு, கல்லடைப்பு என்ற பெயர்கள் பழையவை. அதனால்தான் "அடைப்பு" என்றதும் வாழைத்தண்டுச் சாறு நினைவுக்கு வருகிறது. தாய் அதைக் குடிப்பதால் கருவின் தொட்டி சுருங்காது. ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர சாறோ தண்ணீரோ கூடாது.

உண்மையான அடைப்புகளில் அதிகம் காண்பது தொட்டியும் நாளமும் சேரும் இடத்தில் வருவது. மிகக் கடுமையானது ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வரும் பின்புறவழித் தடுக்கிதழ் (போஸ்டீரியர் யூரித்ரல் வால்வ்). 1919இல் இதை வகைப்படுத்தியவர் ஹியூ ஹாம்ப்டன் யங். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் பாதையான சிறுநீர்ப்புறவழியில் (யூரித்ரா) ஒரு சவ்வு மடிப்பு நிற்கிறது. நீர் கீழிறங்கும்போது அது விரிந்து வழியை மறிக்கிறது. கீழிருந்து குழாய் செலுத்தினால் ஒதுங்கி வழிவிடுகிறது. ஆகவே குழாய் எளிதில் போனது என்பதால் தடுக்கிதழ் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஸ்கேனில் இரு சிறுநீரகங்களும் விரிந்து, சிறுநீர்ப்பை தடித்து, அதன் கீழே புறவழியும் விரிந்து சாவித் துளை வடிவில் தெரியும். பனிக்குட நீர் வற்றினால் நுரையீரல் வளராது. பிறந்தவுடன் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் அதனால்தான். கருவில் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியாதென்பதால் அறிக்கையில் "கீழ்ப்பாதை அடைப்பு" என்ற பொருளில் லூட்டோ என்று எழுதுகிறார்கள். கரு ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கும் இந்தியாவில் அந்தப் பெயரே பொருத்தமானதும்கூட.

பிறந்த முதல் இரண்டு நாளில் குழந்தையின் உடலில் நீர் குறைவு, சிறுநீரும் குறைவு. அப்போது ஸ்கேன் எடுத்தால் விரிந்த தொட்டியும் சுருங்கித் தெரிந்து ஏமாற்றும். 48 மணி நேரம் கழித்தே எடுக்க வேண்டும். இரு பக்கமும் விரிந்திருந்தாலோ, ஒரே சிறுநீரகம்தான் உள்ளதென்றாலோ, சிறுநீர்ப்பை தடித்திருந்தாலோ காத்திருக்கக் கூடாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியேட்டினினையும் முதல் நாட்களில் அப்படியே நம்ப முடியாது, அது பெரிதும் தாயின் அளவு. தடுக்கிதழ் உள்ள குழந்தைக்கு முதலில் குழாய் வைத்து நீரை வடியவிட்டு, உப்புச் சமநிலையைச் சரிசெய்து, எம்.சி.யூ. படம் (சிறுநீர்ப்பையில் சாயம் செலுத்தி, குழந்தை நீர் கழிக்கும்போது எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்தபின்தான் உள்நோக்கி வழியாகச் சவ்வை வெட்டுவார்கள்.

ஒரு பக்கத் தொட்டி விரிவுக்கு ஐசோடோப் ஸ்கேனில் (சிறிதளவு கதிரியக்கப் பொருளை ஊசியில் செலுத்தி எடுப்பது) சிறுநீரைப் பெருக்கும் ஃப்ரூசிமைடு மருந்தைக் கொடுத்து நீர் எவ்வளவு விரைவாக வடிகிறது என்று பார்க்கிறார்கள். இதற்குக் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். முதிராத சிறுநீரகம் அந்த மருந்துக்குச் சரியாக மசியாது. வடிவது தாமதமாகி, இல்லாத அடைப்பு இருப்பதாகக் காட்டிவிடும். பொதுவாக, இரு சிறுநீரகங்களின் மொத்த வேலையில் அந்தப் பக்கத்தின் பங்கு 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தாலோ, அடுத்த ஸ்கேனில் 10 விழுக்காட்டுக்குமேல் இறங்கினாலோ பைலோபிளாஸ்டி, அதாவது தொட்டிச் சீரமைப்பு அறுவை, பற்றிப் பேசுவார்கள். ஆண்டர்சனும் ஹைன்ஸும் 1949இல் வெளியிட்ட முறையில் குறுகிய துண்டை வெட்டி நீக்கிவிட்டு, நாளத்தை அகலப் பிளந்து தொட்டியோடு தைக்கிறார்கள்.

வீட்டில் பார்க்க வேண்டியது: ஆண் குழந்தை சிறுநீரை வீச்சாக விடுகிறதா, முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாக விடுகிறதா என்பது. விரிவு உள்ள குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே சிறுநீர்க் கல்ச்சர் கொடுத்துவிட வேண்டும். ஒட்டுப் பையில் பிடித்த சிறுநீரில் தோலின் கிருமி கலந்துவிடும். குழாய் வழியாகவோ, சுத்தம் செய்தபின் விடும்போதே நடுவில் ஏந்தியோ எடுத்ததுதான் கல்ச்சருக்கு ஆகும்.