கலிஃபோர்னியாவில் டியூஐ தீர்ப்பைத் தள்ளுபடி செய்வது: எங்கே செல்லும், எங்கே செல்லாது

‘எக்ஸ்பஞ்ச்மென்ட்’, அதாவது குற்றப் பதிவை அழிப்பது, என்று ஊரே சொல்கிறது. கலிஃபோர்னியாவில் டியூஐ (குடித்துவிட்டு வண்டி ஓட்டிய) வழக்குக்குக் கிடைக்கும் நிவாரணம் உண்மையில் எதையும் அழிப்பதில்லை. தண்டனைச் சட்டத்தின் 1203.4ஆம் பிரிவின்படி, குற்றத்தை ஒப்புக்கொண்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்யும். கோப்பைக் கிழிக்க மாட்டார்கள், முத்திரையிட்டு மூடவும் மாட்டார்கள். பழைய பதிவுக்குக் கீழே ‘தள்ளுபடி’ என்று ஒரு வரி சேரும், அவ்வளவுதான். அந்த வரி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று தெரியாமல் மனுப் போட்டவர்கள் பிறகு விசா படிவத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

யாருக்குக் கிடைக்கும்? ப்ரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்புக் காலம்) முடிந்திருக்க வேண்டும். வேறு வழக்கு நிலுவையில் இருக்கக் கூடாது, வேறு தண்டனையோ ப்ரொபேஷனோ ஓடிக்கொண்டிருக்கவும் கூடாது. முதல் டியூஐக்குப் பெரும்பாலும் 3 ஆண்டு ப்ரொபேஷன் போடுவார்கள்; சட்டம் 5 ஆண்டு வரை அனுமதிக்கிறது. சிறு குற்றங்களுக்கு ப்ரொபேஷன் ஓராண்டுதான் என்று 2021இல் வந்த சட்டத்தைப் படித்துவிட்டுப் பலர் சீக்கிரமே மனுப் போடுகிறார்கள். அந்தச் சலுகை டியூஐக்குப் பொருந்தாது. முன்கூட்டியே முடிக்க வேண்டுமானால் 1203.3ஆம் பிரிவின் கீழ் தனியாகக் கேட்க வேண்டும். அபராதம், டியூஐ வகுப்பு எல்லாம் முடித்து, காலத்தில் பாதியாவது கடந்தபின் கேட்பதே புத்திசாலித்தனம்.

அடுத்ததுதான் அதிகம் பேர் சறுக்கும் இடம். மற்றப் பல குற்றங்களில் ப்ரொபேஷனை ஒழுங்காக முடித்தவருக்குத் தள்ளுபடி உரிமையாகவே கிடைக்கும். டியூஐ அப்படியல்ல. வாகனச் சட்டத்தின் 12810ஆம் பிரிவின்படி லைசென்ஸ் பதிவில் புள்ளி விழும் குற்றங்களுக்கு, நீதியின் நலன் கருதி நீதிபதி விரும்பினால் மட்டுமே கொடுக்கலாம். டியூஐ அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே, சிஆர்-180 மனுப் படிவத்தில் கட்டத்தை டிக் செய்து, பேர் ஊர் எழுதிக் கொடுத்தால் போதாது. ஏன் தர வேண்டும் என்று உறுதிமொழிக் கடிதம் இணைக்க வேண்டும். ‘இனி குடிக்க மாட்டேன்’ என்ற வாக்குறுதியைவிட, வகுப்பு முடித்த சான்றிதழ், அபராத ரசீது, தள்ளிப்போன வேலை வாய்ப்பைக் காட்டும் கடிதம், அன்றிலிருந்து சுத்தமாக இருக்கும் டிஎம்வி (மாநில வாகனத் துறை) பதிவு ஆகியவை எடுபடும். ப்ரொபேஷன் காலத்தில் விதிமீறல் இருந்தால் அதை நீங்களே சொல்லி விளக்குங்கள். கோப்பில் இருப்பதை அரசு வழக்கறிஞர் எப்படியும் எடுத்துக் காட்டுவார்.

மனுவைத் தீர்ப்பு வந்த கவுன்ட்டியின் சுப்பீரியர் கோர்ட்டிலேயே தாக்கல் செய்ய வேண்டும். நீதிபதி கையெழுத்திட வேண்டிய சிஆர்-181 உத்தரவுப் படிவத்தையும் சேர்த்துக் கொடுங்கள். எதிர்த்தரப்புக்கு 15 நாள் முன்னறிவிப்பு தேவை. எதிர்த்தரப்பு யார் என்பதைப் பழைய குற்றப்பத்திரிகையில் பாருங்கள்: சில நகரங்களில் சிறு குற்ற வழக்கை நடத்துவது நகர வழக்கறிஞர், மாவட்ட வழக்கறிஞர் அல்ல. தவறான அலுவலகத்துக்கு அனுப்பியதால் வாரக்கணக்கில் தள்ளிப்போன மனுக்கள் உண்டு.

தனியார் வேலையில் இந்த உத்தரவுக்கு நல்ல பலன் உண்டு. தள்ளுபடியான தீர்ப்பைப் பற்றிப் பெரும்பாலான முதலாளிகள் கேட்கவே கூடாது என்கிறது கலிஃபோர்னியத் தொழிலாளர் சட்டத்தின் 432.7ஆம் பிரிவு. அரசுப் பதவி, மாநில உரிமம் போன்றவற்றில் நேரடியாகக் கேட்டால் மட்டும் சொல்லியாக வேண்டும். பேக்கிரவுண்ட் செக் நிறுவனங்கள் பழைய தகவலையே வைத்திருப்பது சாதாரணம். சான்றளிக்கப்பட்ட நகலை இணைத்து எழுத்தில் மறுப்புக் கொடுத்தால், மத்தியச் சட்டப்படி வழக்கமாக 30 நாளுக்குள் சரிபார்த்தாக வேண்டும்.

டிஎம்விக்கு இந்த உத்தரவு ஒரு பொருட்டே அல்ல. டியூஐ அங்கே 10 ஆண்டு இருக்கும். அந்த 10 ஆண்டுக்குள் மறுபடி பிடிபட்டால், தள்ளுபடியான பழைய வழக்கும் முதல் குற்றமாகக் கணக்கில் வந்து இரண்டாவது டியூஐ தண்டனை விழும். பேரம் பேசிக் குறைத்துவாங்கிய ‘வெட் ரெக்லெஸ்’ (மது சம்பந்தப்பட்ட பொறுப்பற்ற ஓட்டுதல்) தீர்ப்பும் அப்படியே. லைசென்ஸும் காப்பீட்டுச் செலவும் இதனால் சீராகாது.

எச்-1பி (வேலை), எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர்கள் இனிவரும் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். மத்தியக் குடியேற்றச் சட்டத்தின் கண்ணில், 1203.4 தள்ளுபடிக்குப் பிறகும் அது தீர்ப்புதான். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், மன்னிப்பு போன்ற நிவாரணம் கிடைத்திருந்தாலும் கைது ஆனதுண்டா என்றே கேட்கிறது. ‘இல்லை’ என்று எழுதினால், டியூஐயைவிடப் பெரிய சிக்கலான பொய்த்தகவல் குற்றச்சாட்டு வரும். கைரேகை எடுத்த நாளிலிருந்தே அரசுக்குத் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். தீர்ப்பு வரும்வரைகூடக் காத்திருக்காமல், கைது தகவலை வைத்தே விசாவை ரத்து செய்து மின்னஞ்சல் அனுப்பும் வழக்கமும் உண்டு. அதனால் அமெரிக்காவில் இருக்கும் நிலை உடனே போய்விடாது. ஆனால் வெளியே போனால் புது விசா வாங்கித்தான் திரும்ப முடியும். கடந்த 5 ஆண்டில் ஒரு டியூஐ கைது, அல்லது 10 ஆண்டில் இரண்டு இருந்தால், சென்னைத் துணைத் தூதரகம் உட்பட எங்கு விசா ஸ்டாம்பிங் போனாலும் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் அனுப்புவார்கள். அம்மா அப்பாவைப் பார்க்க இரண்டு வாரத்துக்கு டிக்கெட் போட்டுப் போகிறவர்கள் அந்தப் பரிசோதனைக்கும் சேர்த்து நாள் ஒதுக்க வேண்டும். டொரொண்டோ உறவினர் வீட்டுக் கல்யாணமும் அப்படித்தான்: 2018 டிசம்பர் முதல் கனடா குடித்துவிட்டு ஓட்டுவதைக் கடுங்குற்ற வரிசையில் வைத்திருக்கிறது, எல்லையில் திருப்பி அனுப்பலாம்.

குடியேற்றச் சிக்கலை வழக்கறிஞர் சரியாக விளக்காததால் குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனைச் சட்டத்தின் 1473.7ஆம் பிரிவு என்ற வேறு வழி இருக்கிறது. அது சட்டக் குறையால் தீர்ப்பையே ரத்து செய்வது. சாதாரண ஒற்றை டியூஐக்கு அது அரிதாகவே பொருந்தும். லைசென்ஸ் முடக்கப்பட்டது தெரிந்தே ஓட்டியது போன்ற கூடுதல் சிக்கல் இருந்தால், மனுப் போடுமுன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

உத்தரவு வந்த அன்றே சான்றளிக்கப்பட்ட நகல் நான்கைந்து வாங்கி வையுங்கள். ஒப்புக்கொண்ட நாளின் மினிட் ஆர்டர் (அன்றைய நீதிமன்ற நடவடிக்கைக் குறிப்பு), குற்றப்பத்திரிகை, வகுப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும்தான். பழைய சிறு வழக்குக் கட்டுகளைக் கோர்ட்டுகள் காலப்போக்கில் அழித்துவிடும். குடியுரிமைக்கு என்-400 போடும்போது அதிகாரி கேட்பது அந்தக் காகிதங்களைத்தான்.