கேரளத்தின் மக்கள் திட்டம்: பஞ்சாயத்துக்குப் பணம் வந்தபோது நடந்தது என்ன?

மலையாளப் புத்தாண்டான சிங்ஙம் முதல் நாள், 1996 ஆகஸ்ட் 17 அன்று, கேரள அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. ஒன்பதாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (1997–2002) மாநிலத்தின் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளே திட்டமிட்டுச் செலவிட வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. அப்போது அங்கிருந்த 990 கிராம பஞ்சாயத்துகளில் புதிய பஞ்சாயத்துச் சட்டப்படி பொறுப்பேற்றவர்களுக்கு அனுபவம் ஓராண்டுகூட இல்லை. 1995 அக்டோபர் 2இல்தான் பதவியேற்றிருந்தார்கள். கிருஷிபவன் எனப்படும் வேளாண் அலுவலகம், கால்நடை மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி எல்லாம் காகிதத்தில் அவர்கள் பொறுப்புக்கு வந்திருந்தன. அலுவலர்களோ இன்னும் பழைய துறை அதிகாரிகளின் பேச்சைத்தான் கேட்டார்கள்.

‘முதலில் பயிற்சி, பிறகு நிதி’ என்பதே வழக்கம். பொருளியலாளர்கள் ஐ.எஸ். குலாட்டியும் தாமஸ் ஐசக்கும் இருந்த மாநிலத் திட்டக் குழு இதைத் தலைகீழாக்கிப் பணத்தை முதலில் கொடுத்தது. கையில் நிதி இருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் கூப்பிட்டால் பொறியாளரும் வேளாண் அலுவலரும் வந்துதான் ஆக வேண்டும் என்ற கணக்கு அது. கணக்கு முழுதாகப் பலிக்கவில்லை. என்றாலும் பயிற்சிக்காகக் காத்திருந்தால் அதிகாரம் இன்றைக்கும் தலைநகரிலேயே இருந்திருக்கும்.

1997–98இல் மட்டும் 1,025 கோடி ரூபாய் உள்ளாட்சிகளுக்குப் போனது. ஊரகப் பொதுப்பிரிவு நிதியில், அதாவது பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான நிதி நீங்கலாக உள்ளதில், கிராம பஞ்சாயத்துக்கு 70, வட்டார பஞ்சாயத்துக்கு 15, மாவட்ட பஞ்சாயத்துக்கு 15 சதவீதம் என்ற விகிதம் நிலைபெற்றது. எந்த உள்ளாட்சிக்கு எத்தனை ரூபாய் என்பது மாநில பட்ஜெட்டின் நான்காம் பின்னிணைப்பில் பெயர் வாரியாக அச்சிடப்பட்டது. வளர்ச்சிக் கொள்கை வகுப்பவர்கள் கேரளத்திடமிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றால் நான் இந்தப் பின்னிணைப்பைத்தான் சொல்வேன். சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தொகையைக் காட்டி ஒரு பஞ்சாயத்துத் தலைவர் கேள்வி கேட்கலாம். அமைச்சர் வீட்டு வாசலில் காத்துக்கிடக்க வேண்டியதில்லை.

பணத்தோடு வரம்புகளும் வந்தன. ஊரகத்தில் பொதுப்பிரிவு நிதியில் குறைந்தது 40 சதவீதம் விவசாயம், கால்நடை, மீன்வளம், சிறுதொழில் போன்ற உற்பத்தித் துறைக்குப் போக வேண்டும். சாலை, பாலம், கட்டடம் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பெண்களுக்கான திட்டங்களுக்குக் குறைந்தது 10 சதவீதம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நிதிக்குத் தனிக்கணக்கு. இந்த 30 சதவீத உச்சவரம்பு இல்லாமல் போயிருந்தால் மொத்தப் பணமும் தார்ச்சாலைக்கே போயிருக்கும். வார்டு உறுப்பினர் மக்களிடம் கைகாட்டிக் காட்டக்கூடியது சாலைதானே.

திட்டம் தீட்டும் வேலை கிராமசபையில் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஊராட்சி முழுவதற்கும் ஒரே கிராமசபை. கேரளத்தில் வார்டுக்கு ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும், வாக்காளர்களில் பத்தில் ஒருவர் வந்தால்தான் கூட்டம் செல்லும். பெரும்பாலும் விடுமுறை நாள் பிற்பகலில், பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடக்கும். தொடக்கப் பேச்சு முடிந்ததும் கூட்டம் கலைந்து வகுப்பறைகளுக்குப் போகும்: ஓர் அறையில் விவசாயம், அடுத்ததில் குடிநீர், இன்னொன்றில் கல்வி. ஒவ்வோர் அறையிலும் பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவர் கேள்வித்தாளோடு உட்கார்ந்து, சொல்வதையெல்லாம் குறித்துக்கொள்வார். மைக் பிடிப்பவர் மட்டுமே பேசும் கூட்டமாக அது ஆகாமல் தடுத்தது இந்தப் பிரிப்புதான். அப்படியும் முதல் சுற்றுக்கு வந்தவர்களில் பெண்கள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான்.

கிராமசபை சொன்னது வெறும் கோரிக்கைப் பட்டியல். அது திட்டமாக வேண்டுமானால் தண்ணீர், நிலம், தொழில் பற்றிய உள்ளூர்த் தகவல் வேண்டும். கண்ணூரின் கல்யாசேரியில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கத்தார் முன்பே செய்து பார்த்த வளவரைபட முறை, அதாவது ஊரின் நிலம், நீர் போன்ற வளங்களை வரைபடத்தில் குறிக்கும் முறை, இங்கே கைகொடுத்தது. ஒவ்வொரு பஞ்சாயத்தும் வளர்ச்சி அறிக்கை ஒன்றை எழுதி, கருத்தரங்கு கூட்டி, துறைவாரியாகப் பணிக்குழு அமைத்தது. குறிக்கோள், பயனாளிகள், செலவு, வரவு, கண்காணிப்பு என்று பகுதி பகுதியாகத் திட்ட அறிக்கை எழுதுவது அந்தக் குழுவின் வேலை.

பெரிய இடறலும் இங்கேதான். வந்த அறிக்கைகளில் மதிப்பீடு தப்பு, விலை தப்பு, தொழில்நுட்ப விவரம் அரைகுறை. துறைப் பொறியாளர்கள் பலர் ஒத்துழைக்கவில்லை. ஓய்வுபெற்ற பொறியாளர்களையும் வல்லுநர்களையும் சேர்த்துத் தன்னார்வத் தொழில்நுட்பப் படை ஒன்றை அமைத்துத் திருத்த வேண்டியதாயிற்று. அந்த வேலை 1997 அக்டோபர் வரை இழுத்தது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கிவிட்டதால் பாதி வருடம் கரைந்தது. மிச்சத்தில் அவசரச் செலவு. புதிதாக அதிகாரம் பெறும் எந்த உள்ளாட்சியும் மதிப்பீடு சரிபார்க்கும் குழுவை, கிராமசபை கூடுவதற்கு முன்பே நியமித்துவிடுவது நல்லது.

வேலையை ஒப்பந்ததாரரிடம் விடாமல், பயனடைவோரே குழு அமைத்துச் செய்யலாம் என்ற விதி இருந்தது. பணியிடத்தில் மதிப்பீட்டைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். நல்ல குழுக்கள் மிச்சம் பிடித்தன. ஆனால் முன்பணம் தீர்ந்ததும் அடுத்த தவணைக்குப் பொறியாளர் வந்து அளவெடுக்க வேண்டும். அவர் வரத் தாமதமானால் கூலி கொடுக்கக் கைக்காசு வேண்டும், அது ஒப்பந்ததாரரிடம்தான் இருக்கும். பல இடங்களில் குழுவின் பெயரில் பினாமியாக ஒப்பந்ததாரரே புகுந்தது இப்படித்தான். அளவெடுப்புக்கு நாள் கெடு விதித்திருந்தால் இதில் பாதியைத் தடுத்திருக்கலாம்.

வீடு, கழிப்பறை, கிணறு போன்ற தனிநபர் உதவிக்குப் பயனாளிகளைக் கிராமசபைதான் வரிசைப்படுத்தும். நிபந்தனைகளும் மதிப்பெண்களும் முன்கூட்டியே அறிவிக்கப்படும். சபை தந்த வரிசையைப் பஞ்சாயத்துக் குழு மாற்ற முடியாது. ‘என் பெயர் ஏன் கீழே போனது?’ என்று எவரும் எழுந்து கேட்கலாம். வீடும் கழிப்பறையும் தேவையானவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததற்கு இந்த விதியே பெரிய காரணம்.

உற்பத்தித் துறையில் அதே வெற்றி கிடைக்கவில்லை. 40 சதவீதம் ஒதுக்கியும் 1995–96இல் 4.7 லட்சம் ஹெக்டேராக இருந்த நெல் சாகுபடிப் பரப்பு 2001–02இல் 3.2 லட்சமாகச் சுருங்கியது. கூலி, விலை, வயலை வீட்டுமனையாக விற்பது என்று பஞ்சாயத்தின் கைக்கு அப்பாற்பட்ட காரணங்கள் நிறைய. கைக்குள் இருந்த காரணமும் உண்டு: நிதியை வார்டுகளுக்குச் சமமாகப் பங்கு போட்டு, வீட்டுக்கு நாலு தென்னங்கன்று, கொஞ்சம் உரம், ஓர் ஆடு என்று கொடுத்துவிட்டார்கள். அதனால் யாருடைய வருமானமும் பெரிதாக உயரவில்லை. வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடை ஒரு பஞ்சாயத்தில் தொடங்கி இன்னொன்றில் முடிகிறது. அதைத் தூர்வார இரண்டும் சேர வேண்டும். வட்டாரமும் மாவட்டமும் திட்டம் போட்டதோ கிராம பஞ்சாயத்துகளுக்குப் பிறகு. வரிசை அப்படி இருந்ததால் கூட்டுத் திட்டங்களுக்கு இடமும் பணமும் குறைவாகவே மிஞ்சின. உற்பத்திக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பகுதியை, இரண்டு பஞ்சாயத்துகளாவது சேர்ந்து கொண்டுவரும் நீர்வடிப்பகுதித் திட்டங்களுக்கு (ஒரே ஓடைக்கு மழைநீர் வடிந்து சேரும் நிலப்பரப்பு முழுவதற்குமான திட்டங்களுக்கு) மட்டும் என்று தொடக்கத்திலேயே கட்டி வைப்பதுதான் இதற்கு நான் சொல்லும் வழி.