பக்கத்து வயல்காரருக்கு விதை விற்றால் தப்பா?

போன வருடம் கடையில் வாங்கிய விதைநெல் நன்றாக விளைந்துவிட்டது. அறுப்பில் இரண்டு மூட்டையைத் தனியே ஒதுக்கி, காயவைத்து, நொச்சி இலை போட்டுக் கட்டி வைக்கிறீர்கள். பக்கத்து வயல்காரர் வந்து "எனக்கும் ஒரு மூட்டை கொடுங்க" என்கிறார். அதுவோ ஒரு கம்பெனி தன் பேரில் பதிவு செய்து வைத்திருக்கும் ரகம். காசு வாங்கிக்கொண்டு கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 39-ஆவது பிரிவில் இதைச் சொல்கிறது. பதிவு பெற்ற ரகமாகவே இருந்தாலும், தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், திரும்ப விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உழவருக்கு உரிமை உண்டு. ஒரே ஒரு தடைதான்: பையில் அடைத்து, 'இது இன்ன ரகம்' என்று லேபிள் ஒட்டி விற்கக் கூடாது. சாக்கில் அளந்து கொடுத்தால் சிக்கல் இல்லை. அச்சடித்த பை என்றால் வம்பு. (வீரிய ஒட்டு ரகத்துக்குச் சட்டம் தடை போடவில்லை, ஆனால் எடுத்து வைத்த விதை தாயைப் போல விளையாது. அது வேறு கதை.)

உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த நாடுகள் பயிர் ரகங்களுக்குக் காப்புரிமையோ வேறு ஏதாவது சட்டப் பாதுகாப்போ கொடுத்தாக வேண்டும். இந்தியா தனிச் சட்டம் போட்டது. புது ரகம் உருவாக்கியவருக்குப் பயிர்களில் 15 ஆண்டு, மரங்களிலும் கொடிகளிலும் 18 ஆண்டு உரிமை; அதோடு உழவருக்கும் உரிமை.

அந்த உரிமைக்குச் சோதனை 2019-இல் வந்தது. சிப்ஸுக்கென்று பதிவு செய்த எஃப்.எல். 2027 உருளைக்கிழங்கைப் பயிரிட்டார்கள் என்று குஜராத் விவசாயிகள் மேல் பெப்சிகோ வழக்குப் போட்டது. சிலரிடம் தலா ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் நஷ்டஈடு கேட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் மே மாதம் வழக்குகளை வாபஸ் வாங்கியது. உழவர் உரிமைக்காகப் போராடும் கவிதா குருகந்தியின் மனுவின் பேரில் 2021 டிசம்பரில் ரகப் பதிவே ரத்தானது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த ரத்தை நீக்கியது. ஆனால் அந்த வழக்கு பதிவு செல்லுமா என்பதைப் பற்றியது. 39-ஆவது பிரிவு அப்படியேதான் இருக்கிறது. ஒரு ரகத்துக்குப் பதிவு இருப்பதே தெரியாமல் பயிரிட்ட உழவருக்கும் 42-ஆவது பிரிவில் பாதுகாப்பு உண்டு.

இன்னொன்று, விதைக் கடைக்குப் போகும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. பதிவு பெற்ற ரகம் என்ன சூழலில் எவ்வளவு விளையும் என்பதை அந்த ரகத்தை உருவாக்கியவர் உழவருக்குச் சொல்ல வேண்டும். சொன்னபடி விளையவில்லை என்றால், டெல்லியில் உள்ள பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையத்திடம் மனு கொடுத்து அவரிடமிருந்து இழப்பீடு கேட்கலாம். அதற்கு அத்தாட்சி வேண்டுமே! பையைக் கிழித்து விதையைக் கொட்டியதும் அட்டையை வரப்பில் வீசிவிடுகிறோம். அறுப்பு முடியும்வரை பில்லும் அட்டையும் வீட்டில் இருக்கட்டும்.

தலைமுறையாக நீங்கள் காப்பாற்றி வரும் நாட்டு ரகத்தையும் உங்கள் பேரிலோ ஊர் பேரிலோ பதியலாம். விண்ணப்பத்தில் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவோ மாவட்ட வேளாண் அலுவலரோ வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி இயக்குநரோ சான்று தர வேண்டும். உழவருக்குக் கட்டணம் கிடையாது.